“அப்பா திரும்பி வந்தது உண்மையா, டீச்சர்?” – சிறுவர் வரலாற்று நாவலைப் பற்றி மாணவர் பேசுவது குறித்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். தங்கள் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒரு சிறுவர் வரலாற்று நாவலைப் படித்து முடித்திருக்கிறார்கள். மலாயாவில் (இன்றைய தீபகற்ப மலேசியா) ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தகப்பனுக்காக ஒரு ரப்பர் தோட்டத்துச் சிறுவன் காத்திருக்கும் கதை அது. அடுத்த மாதம் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் முன்னிலையில் அவர்கள் அந்நாவலைப் பற்றிய தங்கள் எண்ணங்களைப் பகிர வேண்டும். முதல் ஒத்திகையில் எல்லாரும் “இந்நாவல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இதன்வழி நான் பெற்ற படிப்பினை யாதெனில்” என்று ஒரே அச்சில் பேசினார்கள். இதை மாற்றுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரிகளில்தான் உண்மையான சிக்கல் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு மாணவி, “கடைசியில் அப்பா திரும்பி வந்தது உண்மையா, டீச்சர்? இல்லை, நாங்கள் அழக்கூடாது என்று எழுத்தாளர் போட்டதா?” என்று கேட்டிருக்கிறாள். அதற்கு என்ன சொல்வது என்பதும், அந்தக் கேள்வியை அவள் மேடையில் கேட்கலாமா என்பதும்தான் தாங்கள் உண்மையில் அறிய விரும்புவது.

நான் பணி ஓய்வு பெறும்வரை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் தமிழும் வரலாறும் கற்பித்தவன். இப்போதும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு வட்டம் நடத்திவருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன்; குழந்தை உளவியல் பயின்றவனும் அல்லன். சிறிய பள்ளிகளில், ஒருவரையொருவர் நன்கு அறிந்த பிள்ளைகளிடம் பலித்தவை பெரிய நகரப் பள்ளியில் அப்படியே பலிக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. ஆயினும் அந்த மாணவியின் கேள்வியைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. மண்டபத்தில் ஒலிக்க வேண்டிய முதல் குரல் அவளுடையதுதான்.

எல்லாரும் ஒரே மாதிரி பேசியதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. முதலாம் ஆண்டிலிருந்தே ஒரு கதையைப் படித்தவுடன் நாம் அவர்களிடம் கேட்பது படிப்பினையைத்தான். கருத்துணர்தல் பகுதியின் கடைசிக் கேள்வி அதுவாக இருக்கும். பள்ளிகளின் வாசிப்புத் திட்டமான நிலாமின் பதிவேட்டிலும் நூலின் பெயர், ஆசிரியர், சுருக்கம், படிப்பினை என்று எழுதியே அவர்கள் கை பழகியிருக்கிறது. நீதிக்கதைக்கு இது பொருந்தும். சயாமுக்குப் போனவர்களைப் பற்றிய நாவலில் “விடாமுயற்சி வெற்றி தரும்” என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை படிப்பினை எழுதும்போது, அந்த வாக்கியத்துக்குக் கீழே எத்தனை பேர் மறைக்கப்படுகிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்த ரயில் பாதை வேலையில் நேர்ந்த மரணங்கள் யாருடைய முயற்சிக் குறைவாலும் நேர்ந்தவை அல்ல. ஆகவே, இந்த ஒரு நிகழ்ச்சிக்காவது படிப்பினை என்ற சொல்லையே ஒத்திகையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள்.

அதற்குப் பதிலாக என்ன கேட்பது? நான் கேட்பது ஒன்றே ஒன்று: படித்துக்கொண்டே போகும்போது எந்த வரியில் நின்றாய்? புரியாமல் நின்றாலும் சரி, பயந்து நின்றாலும் சரி, நம்ப முடியாமல் நின்றாலும் சரி. அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வா என்பேன். எழுதிவரச் சொல்வதில்லை. எழுதச் சொன்னால் மறுபடியும் கட்டுரை நடை வந்துவிடும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தாம் கோடிட்ட வரியைப் புத்தகத்தைப் பார்த்தே வாசிப்பார்கள். அதன்பின் ஏன் அந்த இடம் என்று வீட்டுப் பேச்சிலேயே சொல்வார்கள். செந்தமிழில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தை இந்தக் கட்டத்தில் வைத்தால் பாதிப் பிள்ளைகளின் வாய் மூடிக்கொள்ளும். எண்ணம் முதலில் வெளியே வரட்டும். அதை மேடைத் தமிழுக்குக் கொண்டுவருவது அடுத்த வாரத்து வேலை. அதில்தான் தமிழாசிரியர்களாகிய நமக்குத் தேர்ச்சி இருக்கிறது.

என் வட்டத்தில் இதே காலத்தைப் பற்றிய ஒரு கதையை வாசித்தபோது, ஒரு மாணவன் கோடிட்டுக் கொண்டுவந்த இடம் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஆண்டு 2602 என்று எழுதப்பட்டிருப்பதாக வரும் வரி. அச்சுப்பிழை என்று நினைத்து, 1942 என்று பென்சிலால் திருத்தியும் வைத்திருந்தான். அது பிழையன்று. ஜப்பானியர் தங்கள் முதல் பேரரசர் அரியணை ஏறியதாகக் கொள்ளும் நாளிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் 1942ஆம் ஆண்டு 2602. மலாயாவைப் பிடித்ததும் இங்கேயும் அந்த ஆண்டுக்கணக்கையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். இதை நான் சொன்னதும் அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்படியென்றால் பெரட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் இருட்டிலேயே எழுந்திருக்க வேண்டுமா?” என்று கேட்டான். பெரட்டு என்பது விடியும் முன் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் என்பதை முந்தைய வாரம்தான் அவன் தெரிந்துகொண்டிருந்தான். ஓர் ஆட்சி மாறினால் ஆண்டும் மணியும்கூட மாறிவிடும், அது ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் தூக்கத்தைத் தொடும் என்று அந்தப் பிள்ளை தானாகவே கண்டுகொண்டான். எந்தப் படிப்பினையும் இந்த இடத்துக்கு அவனைக் கொண்டுவந்திருக்காது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். வரலாற்று நாவலைப் படிக்கும் பிள்ளை “இது உண்மையா?” என்று கேட்பது இயல்பு. அதற்கு “ஆம்” என்றோ “இது வெறும் கதை” என்றோ ஒரே சொல்லில் பதில் சொன்னால் இரண்டுமே தவறாகப் போய்விடும். கரும்பலகையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உறுதியாக நடந்தவை ஒரு பக்கம். நடந்திருக்கும் என்று பலரும் சொல்பவை, ஆனால் விவரம் வேறுபடுபவை நடுவில். எழுத்தாளர் கற்பனையில் படைத்தவை மற்றொரு பக்கம். நாவலின் ஒவ்வொரு செய்தியையும் எங்கே எழுதலாம் என்று பிள்ளைகளே வாதிடட்டும். இதைச் செய்ய ஆசிரியருக்கு அடிப்படைத் தகவல்கள் கைவசம் இருக்க வேண்டும்; ஆகவே எனக்குத் தெரிந்தவற்றை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உறுதியானவை இவை. ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும்வரை மலாயா அவர்கள் கையில் இருந்தது. ரப்பர் வாங்கிய நாடுகளுடனான வணிகம் நின்றுபோனதால் தோட்டங்களில் வேலை இல்லாமற்போயிற்று. மலாயா தன் அரிசித் தேவையில் பெரும்பகுதிக்குப் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்த நாடு. அந்த வரத்தும் குறைந்ததால் மரவள்ளிக்கிழங்கே பல வீடுகளில் சோறாயிற்று. புதுத்துணி கிடைக்காமல் சாக்கை வெட்டித் தைத்து உடுத்தினார்கள். பத்து வெள்ளி (டாலர்) நோட்டில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்த ஜப்பானியர் பணம், அவர்கள் தோற்றதும் ஒரே நாளில் வெறும் தாளாயிற்று. இன்றும் சில வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியில் அந்த நோட்டுகள் கிடக்கின்றன. தங்கள் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் கொண்டுவரக்கூடும்.

ரயில் பாதையைப் பற்றியும் ஐயமில்லாத செய்திகள் உண்டு. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942இன் நடுப்பகுதியில் வேலை தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. கடல்வழியாகப் பர்மாவிலிருந்த படைக்குப் பொருள் அனுப்புவது ஆபத்தானதால் ஜப்பானியர் தரைவழியை நாடினார்கள். அதனால்தான் அத்தனை அவசரம். ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள்; அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களோடு பர்மியர், மலாய்க்காரர், சாவகர், சீனர் எனப் பல இனத்தவர் வேலை செய்தார்கள்; மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். 1943இன் மழைக்காலத்தில் காலரா பரவியபோது, மருத்துவரும் மருந்தும் பெரும்பாலும் இல்லாத தொழிலாளர் முகாம்களே மிகுந்த சேதத்துக்கு உள்ளாயின. போர்க்கைதிகளுக்குள் படை மருத்துவர்களாவது இருந்தார்கள். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

நடுப்பக்கத்தில் எழுத வேண்டியவையும் உண்டு. ஆசியத் தொழிலாளர் மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் ஒரே எண் இல்லை. இரண்டு லட்சத்தையொட்டியும் அதற்கு மேலும் ஆள் திரட்டப்பட்டதாகவும், ஏறக்குறைய 90,000 பேர் மாண்டதாகவும் பலரும் எடுத்தாளும் மதிப்பீடு சொல்கிறது. கூட்டியும் குறைத்தும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். படைவீரர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்ததுபோல் தொழிலாளர்களுக்கு முழுமையான பட்டியல் இல்லாததே காரணம். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயரோடு நிற்கின்றன; தமிழ்த் தொழிலாளிகளுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லை. பிள்ளைகள் “ஏன் சரியாகத் தெரியவில்லை?” என்று கேட்டால், இந்தக் காரணத்தையே சொல்லுங்கள். யாருடைய பெயர் எழுதி வைக்கப்படுகிறது, யாருடையது விடப்படுகிறது என்று பத்து வயதிலேயே ஒரு பிள்ளை கேட்கத் தொடங்குவது நல்லது.

ஆள் பிடித்த விதமும் இந்த நடுப்பக்கத்துக்கே உரியது. நாள் கூலி இவ்வளவு, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் முதலில் ஆள் எடுத்தார்கள் என்பதும், பின்னர் கட்டாயப்படுத்தினார்கள் என்பதும் உறுதி. ஆனால் இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி வந்து, வாசலை அடைத்து லாரியில் ஏற்றினார்கள் என்ற கதை எங்கள் வட்டாரத்திலும் சொல்லப்படுகிறது, வேறு பல ஊர்களிலும் சொல்லப்படுகிறது. சில இடங்களில் அப்படி நடந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் கேட்ட ஒவ்வொரு ஊரிலும் அது நடந்ததா, ஓர் ஊர்க் கதை மற்ற ஊர்களுக்கும் பரவியதா என்பதைப் பிரித்தறிவது கடினம். தங்கள் நாவலில் அந்தக் காட்சி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்தாளர் பொய் சொன்னார் என்று பிள்ளைகள் முடிவுகட்டாமலும், நம் தோட்டத்திலும் அப்படியே நடந்தது என்று மேடையில் அடித்துச் சொல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். “பலர் இப்படிச் சொல்கிறார்கள்” என்ற ஒரு தொடரைப் பயன்படுத்த ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், வரலாற்றுப் பாடத்தில் பாதி கற்றுக்கொடுத்தாயிற்று.

இப்போது தகப்பன் திரும்பி வருவது. சிறுவனும் அவன் அப்பாவும் கற்பனைப் பாத்திரங்கள். அதனால் அந்தத் திரும்புதல் மூன்றாம் பக்கத்துக்கு உரியது. ஆனால் அது நடக்கக்கூடாத கற்பனையன்று. போர் முடிந்தபின் 1945, 1946இல் சயாமிலிருந்து மலாயாவுக்குத் திரும்பியவர்கள் உண்டு. எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு வந்த தாத்தாவைப் பற்றிச் சொல்லும் குடும்பங்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கின்றன. திரும்பாத தாத்தாவைப் பற்றிச் சொல்லும் குடும்பங்களும் இருக்கின்றன. ஆகவே அந்த மாணவியிடம் இப்படிச் சொல்லலாம்: சில அப்பாக்கள் வந்தார்கள், மிகப் பல அப்பாக்கள் வரவில்லை, எழுத்தாளர் வந்தவர்களில் ஒருவரின் கதையைச் சொல்லத் தேர்ந்துகொண்டார். ஏன் அப்படித் தேர்ந்தார் என்று நீ நினைக்கிறாய்? இங்கேதான் அவளுடைய சொந்த எண்ணம் தொடங்குகிறது. சிறுவர்களுக்கு எழுதுகிறவர் நம்பிக்கையோடு முடிக்க விரும்பியிருக்கலாம். அல்லது, வராத அப்பாவை எழுத அவருக்கே மனம் வராமல் இருந்திருக்கலாம். “இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, அப்பா வராமல் இருந்திருந்தால்தான் சரியாக இருந்திருக்கும்” என்று அவள் சொன்னாலும் அதை அவள் சொல்லட்டும். ஒரு நூலைப் பற்றிய எண்ணம் என்றால் பாராட்டு மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காரணத்தோடு மறுப்பதும் எண்ணம்தான் என்பதை அவர்கள் ஒருமுறையாவது ஆசிரியர் வாயால் கேட்க வேண்டும்.

பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்ற தங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. இதில் மேலும் கடினமான ஓரிடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தங்கள் மாணவர்களும் அதைக் கேட்கத்தான் போகிறார்கள். நாவலில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) சயாமுக்குப் போக வேண்டியவர்களின் பெயரை எழுதிக் கொடுக்கிறார். என் வட்டத்தில் படித்த கதையிலும் அப்படி ஓர் இடம் வந்தது. ஒரு சிறுமி, “நம் ஆளே ஏன் நம் ஆளின் பெயரை எழுதிக் கொடுத்தார்?” என்று கேட்டாள். அறை அமைதியானது. அவளுக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருந்த பையனின் கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்பது எங்களில் பலருக்குத் தெரியும். அவன் கை தூக்கி, “எழுதாவிட்டால் அவர் பெயரையே எழுதியிருப்பார்கள், ஐயா” என்றான். அதற்கு அந்தச் சிறுமி, “அது சரி, ஆனால் யார் பெயரை முதலில் எழுதினார்?” என்றாள். பெரியவர்கள் கூடிப் பேசினாலும் இவ்வளவு தூரம் வருவோமா என்பது எனக்கு ஐயமே. அச்சத்தால் செய்தவை, பிழைப்புக்காகச் செய்தவை, ஆளுக்கு ஆள் வேறுபாடு பார்த்துச் செய்தவை எல்லாம் அந்தக் காலத்தில் கலந்தே இருந்தன. எந்தக் கிராணி எதைச் செய்தார் என்று இன்று தீர்ப்புச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை. ஆகவே அந்தக் கேள்வி எந்தக் குடும்பத்தையும் சுட்டாமல், கதையில் வரும் கிராணியைப் பற்றியதாகவே மேடையில் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். கேள்வியையே நீக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்வது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் இரண்டு எச்சரிக்கைகளோடு. 1943இல் பத்து வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருப்பார்கள். இன்றைய பாட்டிகள் சொல்வது அவர்களுடைய அம்மாவிடம் கேட்டது. அதனால் “நீங்கள் பார்த்தீர்களா, யாரிடமாவது கேட்டீர்களா?” என்று பணிவோடு கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். இரண்டாவது எச்சரிக்கை, பேச விரும்பாத பெரியவர்களை வற்புறுத்தக்கூடாது என்பது. சில வீடுகளில் இந்தப் பேச்சு எடுத்தாலே கண் கலங்கும். “தாத்தாவுக்குச் சொல்ல மனமில்லை” என்று வந்து சொல்லும் பிள்ளையும் ஒரு செய்தியோடுதான் வந்திருக்கிறது. மற்றொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. 1950களின் பிற்பகுதியில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது குடும்பங்கள் சிதறின. அந்த நெருக்கடியில்தான், தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக, மலேசிய இந்தியர் தலைவரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. லயத்து வீடுகள் (தோட்டத்து வரிசை வீடுகள்) இடிந்து, மக்கள் நகரத்தையொட்டிய தாமான்கள் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். தங்கள் மாணவரின் பாட்டி வேறொரு மாநிலத்துத் தோட்டத்தில் பிறந்தவராக இருக்கலாம். அவர் சொல்வது தங்கள் ஊர் வரலாறாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எந்தத் தோட்டம், எந்த மாநிலம் என்று குறித்துக்கொள்வது போதும்.

இதே காரணத்தால் நாவலில் வரும் பொருள்கள் பலவற்றையும் இன்றைய பிள்ளைகள் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கு வரும் வழியெல்லாம் செம்பனைதான். பால்மரத்தைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் குறைவு. நான் ஒரு பழைய பால்வெட்டும் கத்தியையும் மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் மங்கு ஒன்றையும் வட்டத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். கத்தியின் வளைந்த நுனி மரத்தின் பட்டையை மட்டும் சீவி, உள்மரத்தில் காயம் படாமல் எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. காயம் பட்டால் அந்த இடத்தில் மரம் முண்டு கட்டிவிடும், பால் குறையும், மண்டோர் (மேற்பார்வையாளர்) ஏசுவார். மங்கினைக் கையில் வாங்கிப் பார்க்கும் பிள்ளைகள் உள்ளே ஒட்டியிருக்கும் காய்ந்த பாலை நகத்தால் உரித்து இழுத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் ஒட்டுப்பால் என்று சொன்னதும், நாவலில் அந்தச் சிறுவன் ஒட்டுப்பால் பொறுக்கப் போகும் பக்கத்தைத் தாங்களாகவே திருப்பி மறுபடியும் படிப்பார்கள். இதற்கு மேல் விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

துன்பமான காட்சிகளைப் பற்றி ஓரளவுக்குமேல் என்னால் சொல்ல இயலாது. காலரா முகாமில் பிணங்களை எரிக்கும் பகுதியை உரக்க வாசிக்கச் சொல்வதை நான் தவிர்த்துவிடுவேன். தனியே படித்து வந்தவர்கள் பேச விரும்பினால் பேசுவோம். அண்மையில் வீட்டில் இறப்பைக் கண்ட பிள்ளை யாராவது இருந்தால், முன்கூட்டியே வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கலக்கம் நீடித்தால் பள்ளியின் வழிகாட்டி ஆலோசக ஆசிரியரிடம் விட்டுவிட வேண்டும், நாமே மருத்துவம் பார்க்கக்கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். பேச்சு சூடேறும்போது “ஜப்பான்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள்” என்று ஒரு பிள்ளை சொல்வது இயல்பு. அதை அதட்ட வேண்டாம். அந்த ஆணையை இட்டவர்கள் யார், அன்றைய இராணுவம் எது, இன்றைய ஜப்பானில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளை யார் என்று பிரித்துக் கேட்டாலே அவர்கள் நிதானத்துக்கு வந்துவிடுவார்கள். அதே காலத்தில் நேதாஜியின் படையில் விரும்பிச் சேர்ந்த தோட்டத்து இளைஞர்களும், 1943இல் அமைக்கப்பட்ட ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒரே லயத்தில் ஒருவர் சயாமுக்கும் இன்னொருவர் நேதாஜியின் படைக்கும் போயிருக்கக்கூடிய காலம் அது. பிள்ளைகளுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். குழப்பத்தை அவசரப்பட்டுத் தீர்த்துவைக்க வேண்டாம்.

மேடை ஏற்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மனனம் வேண்டாம். ஆளுக்கு மூன்று நிமிடம் போதும். கையில் புத்தகத்தோடு வரட்டும். கோடிட்ட வரியை வாசிக்கட்டும். ஏன் அங்கே நின்றேன் என்று சொல்லட்டும். கேட்க விரும்பும் கேள்வி ஒன்றோடு முடிக்கட்டும். தனியே நிற்க அஞ்சும் பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்து உரையாட விடலாம். மேசையும் இரண்டு நாற்காலியும் இருந்தால் கை நடுக்கம் பாதி குறைந்துவிடும். அவர்கள் எழுதிய குறிப்பை நாம் திருத்தும்போது சந்திப் பிழையையும் வாக்கியப் பிழையையும் திருத்தலாம், எண்ணத்தைத் திருத்தக்கூடாது. “அப்பா வந்தது எனக்குக் கோபமாக இருந்தது” என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், அதை “அப்பாவின் வருகை எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது” என்று மாற்றிக் கொடுக்கும் பழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. பிள்ளை மறுபேச்சின்றி அதை வாசித்துவிடும்; ஆனால் அடுத்த நூலைப் படித்துவிட்டு என்ன தோன்றியது என்பதை நம்மிடம் சொல்லாது.

முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு வைக்கலாமா என்று தலைமையாசிரியர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வைக்காமல் இருப்பதே நல்லது. வைத்தால் குரல் வளமும் கை அசைவும் உள்ள பிள்ளைக்கே அது போகும், அதற்குப் பேச்சுப்போட்டி ஏற்கெனவே இருக்கிறது. மறுக்க முடியாத நிலை என்றால், தெளிவான உச்சரிப்புக்கு ஒரு பங்கு மதிப்பெண் வைத்துவிட்டு, நூலிலிருந்து எடுத்த இடம் எவ்வளவு குறிப்பானது என்பதற்கும், கேட்ட கேள்வி அவருடையதுதானா என்பதற்கும் மீதியை ஒதுக்குமாறு நடுவர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நடுவர்களும் நாவலை முழுவதுமாகப் படித்திருக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் சேருங்கள். அடுத்த ஒத்திகையில் நேரத்தையும் ஒலிபெருக்கியையும் மட்டும் பார்த்தால் போதும். நிகழ்ச்சி நிரலில் அந்த மாணவியின் பெயரை முதலில் போட்டுவிட்டு, அவள் கேள்விக்கு மண்டபத்தில் உள்ள பெற்றோர் யாராவது பதில் சொல்ல விரும்பினால் அதற்கும் ஐந்து நிமிடம் விட்டு வையுங்கள்.